ராத்திரி கரண்ட்: சென்னையின் கார்பனை எங்கே குறைப்பது

சென்னை மாநகராட்சி 2023 ஜூனில் ஒரு காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளியேற்றுகிற அளவும் திரும்ப உறிஞ்சப்படுகிற அளவும் சமமாவது, என்பது இலக்கு. இந்தியா தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் 2070-ஐ விட இருபது வருடம் முன்னால். அந்த ஆவணத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு சின்னக் கணக்கைத்தான். 2018-19-இல் இந்த நகரம் வெளியேற்றிய, பூமியைச் சூடாக்குகிற பசுங்குடில் வாயுக்கள் சுமார் 1 கோடியே 44 லட்சம் டன், அதாவது தலைக்கு 1.9 டன். அதில் 71 சதவீதம் கட்டடங்களிலும் தொழிற்கூடங்களிலும் செலவாகும் ஆற்றலால் வருகிறது. போக்குவரத்து 16 சதவீதம், குப்பையும் கழிவுநீரும் 13 சதவீதம்.

மாசு என்றதும் நமக்கு கத்திப்பாரா நெரிசலும் லாரிப் புகையும்தான் ஞாபகம் வருகிறது. காற்றின் தரத்தைப் பேசும்போது அது சரி. கார்பனைப் பேசும்போது வண்டிகளை விட நான்கு மடங்குக்கும் மேல் பெரிய பங்கு வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் பட்டறைக்குள்ளும் இருக்கிறது.

"அப்படியானால் கரண்டைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம், அரசு விளம்பரங்களில் பல வருடமாக அதுதான் இருக்கிறது. சென்னைக்கு அது போதாது. எத்தனை யூனிட் செலவழிக்கிறோம் என்பதோடு எந்த நேரத்தில் செலவழிக்கிறோம் என்பதும் இங்கே கணக்கை மாற்றுகிறது. சென்னையின் கார்பனைக் குறைக்கிற வேலை பெரும்பாலும் ராத்திரி கரண்டைக் குறைக்கிற வேலை என்று நான் நினைக்கிறேன். அந்த ராத்திரி கரண்டிலோ பெரும்பங்கு, பகலெல்லாம் மொட்டை மாடியும் சுவரும் வாங்கி வைத்திருந்த வெயிலோடு மல்லுக்கட்டவே போகிறது.

ஏன் ராத்திரி என்பதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய மின் திறன் 9000-ஐத் தாண்டிவிட்டது. கல்பாக்கத்தில் 220 மெகாவாட் அணு உலையும் கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டும் ஓடுகின்றன, மேட்டூர், குந்தா போன்ற இடங்களில் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் இந்த மாநிலம் பாதி தூரம் வந்துவிட்ட மாதிரி தெரியும். ஆனால் சூரியன் சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய்விடும். காற்று தென்மேற்குப் பருவத்தில்தான், மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக வேகமாக வரும். ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும், அதாவது சென்னைக்குப் புழுக்கம் தாங்க முடியாத வாரங்களில், ராத்திரி பத்து மணிக்கு சூரியனும் கிடையாது, காற்றும் பெரிதாகக் கிடையாது. அப்போது மிஞ்சுவது பெரும்பாலும் நிலக்கரி.

2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் மின் தேவை 20830 மெகாவாட் வரை போனது, அதுவரை இல்லாத உச்சம். கோடையில் சென்னை மட்டுமே 4000 மெகாவாட்டுக்கு மேல் இழுக்கிறது. மதியத் தேவையும் அதிகம்தான், மறுக்கவில்லை, ஆனால் மதியத்தில் சூரிய மின்சாரம் ஒரு பெரிய பங்கைத் தாங்கிக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்துப் படுக்கையறைக் கதவைச் சாத்தி நகரமே ஏசியைப் போடுகிற நேரத்தில் தாங்க யாரும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர்கள் வெடிப்பதும், ஜனங்கள் நள்ளிரவில் தெருவுக்கு வந்து மறியல் செய்வதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என்பது ஒவ்வொரு கோடையிலும் நாம் பார்க்கிறது.

இந்தியாவின் மின்தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இது வருடம் முழுவதற்குமான சராசரி. நிலக்கரி நிலையத்திலிருந்து வருகிற யூனிட்டை மட்டும் பார்த்தால் ஒரு கிலோவுக்குக் கிட்டே வரும். அதற்கு முக்கால் கிலோ வரை நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல், ஆகவே யூனிட்டுக்குக் கால் கிலோ சாம்பலும் கூடவே பிறக்கிறது.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் எல்லையிலேயே கிடக்கிறது. அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, 600 மெகாவாட் அலகுகள் இரண்டு, 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த 800 மெகாவாட் அலகு ஒன்று. பக்கத்தில் வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம் என்று நிலக்கரி வந்து இறங்குகிறது. சாம்பல் கலந்த குழம்பைக் கொண்டு போகிற குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்ததும், அதற்காக எண்ணூர் மீனவர்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்ததும் ரகசியம் இல்லை. இறால் பிடித்த ஓடைகள் தூர்ந்து போயிருக்கின்றன. தென்சென்னையில் ஒரு படுக்கையறையை 20 டிகிரியில் வைப்பதற்கான விலையில் ஒரு பகுதியை காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வர வேண்டும் என்றும் நினைக்கிறேன். கார்பனைக் குறைப்பது ஏதோ உலகத்துக்குச் செய்கிற உபகாரம் மாதிரி பேசப்படுகிறது, ஆனால் இங்கே குறைகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதினைந்து இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் நேரடிப் பலன் உண்டு.

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம், விஷயத்தின் மையம் அங்கேதான்.

சென்னையில் கடந்த நாற்பது வருடத்தில் எழுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மேலே ஐந்து அங்குல கான்கிரீட் தளம், அதற்கு மேல் ஒரு பூச்சோ ஓடோ. ஏப்ரல் மதியத்தில் அந்தத் தளத்தின் மேல்பக்கம் 55, 60 டிகிரிக்குப் போகும், செருப்பில்லாமல் துணி காயப்போடப் போனவர்களுக்குத் தெரியும். கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை, மெதுவாக வாங்கி மெதுவாக இறக்குகிறது. மேலே ஒரு மணிக்கு உச்சத்துக்குப் போன சூடு கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகிறது, அதன் பிறகு தளத்தில் தங்கியிருக்கிற சூடு நள்ளிரவு தாண்டியும் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே கடல்காற்று வந்து 29 டிகிரிக்கு இறங்கிய பிறகும் மேல்மாடி வீட்டில் 33, 34 இருப்பது இதனால்தான். ஃபேன் அந்தச் சூடான காற்றையே சுற்றி அடிக்கும். ஆகவே ஏசி வருகிறது. ஏசி, அறைக்குள் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தெருவில் கொட்டுகிறது, கரண்டாக உள்ளே வந்ததும் சூடாகவே வெளியே போகிறது, பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் நுழைகிறது. ஏசி வாங்க முடியாதவர்களின் ராத்திரி இன்னும் மோசமாகிறது.

பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு கூரை இருந்தது. தேக்கு மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். கனமான கூரை, ஆனால் சூட்டைக் கடத்துவதில் கான்கிரீட்டை விட மந்தம். உயரமான கூரையும் முற்றமும் சேர்ந்து ராத்திரியில் வீட்டைச் சீக்கிரம் ஆற்றிவிடும். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக முடியாது, இத்தனை கோடிப் பேருக்கு அப்படி வீடு கட்ட மரமும் இடமும் கிடையாது. ஆனால் அந்தக் கூரை செய்த வேலையை, அதாவது வெயிலை உள்ளே விடாமல் மேலேயே நிறுத்துகிற வேலையை, இன்றைய கான்கிரீட்டின் மேலும் செய்ய முடியும். வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு, வெள்ளை கூலிங் டைல்ஸ், தளத்துக்கு மேல் ஒரு அடுக்கு தெர்மல் இன்சுலேஷன், எதுவும் இல்லாவிட்டால் வருடா வருடம் நல்ல சுண்ணாம்பு. வெள்ளை அடித்த தளத்தின் மேற்பரப்பு பத்து டிகிரிக்கு மேல் குறையும், உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறையும். இரண்டு மூன்று டிகிரி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஏசி போடலாமா, ஃபேன் போதுமா என்று ஒரு குடும்பம் தீர்மானிக்கிற இடைவெளியே அவ்வளவுதான்.

தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது, புதிய பெரிய கட்டடங்களுக்குக் கட்டாயம் என்று. சென்னையில் ஏன் இது வேகம் எடுக்கவில்லை? ஒரு முக்கியக் காரணம் வாடகை. கரண்ட் பில் கட்டுகிறவர் குடியிருக்கிறவர், கூரை வீட்டு ஓனருடையது. ஓனர் வெள்ளை அடித்தால் மிச்சமாகிறது வாடகைக்காரரின் பணம், அதனால் ஓனருக்கு அக்கறை இல்லை. வாடகைக்காரருக்கு பதினொரு மாத ஒப்பந்தம், அடுத்தவர் கூரையில் அவர் ஏன் பணம் போட வேண்டும். அடுக்ககங்களிலோ கூரை எல்லோருக்கும் பொது, வெந்து போகிறது மேல்மாடிக்காரர் மட்டும், அசோசியேஷன் கூட்டத்தில் மற்ற மூன்று மாடிக்காரர்கள் கை தூக்க மாட்டார்கள். இதை அறிவுரை சொல்லித் தீர்க்க முடியாது, விதிதான் வேண்டும்.

ஆனால் ஒரு இடத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற இடங்களில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கூரை அரசாங்கத்துடையது. உள்ளே இருப்பவர்கள் நகரத்தின் மையத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள், ஏசி வாங்குவதற்கு அவர்களில் பலருக்குக் காசு கிடையாது, சூட்டை உடம்பால் தாங்குகிறார்கள். மாநகராட்சிப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், அரசு மருத்துவமனைகள் இவற்றின் கூரையும் அப்படித்தான். முதலில் வெள்ளை ஆக வேண்டியவை இவை. இங்கே குறையும் கார்பன் உடனடியாகப் பெரிய எண்ணாக வராது என்று ஒருவர் வாதிடலாம், ஏசி இல்லாத வீட்டில் எதைக் குறைப்பது என்று. வருமானம் கூடக்கூட அந்த வீடுகளுக்கும் ஏசி வரும், வர வேண்டும், யாரையும் புழுக்கத்தில் இருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அது வரும்போது எவ்வளவு கரண்டைத் தின்னும் என்பதைத்தான் இன்றைய கூரை முடிவு செய்கிறது.

அப்புறம் வீட்டுக்குள் இருக்கிற சாமான்கள். ஃபேனில் தொடங்கலாம், ஏனென்றால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்டைக் குறைவாக இழுக்கிற புது வகை மோட்டார் உள்ளது, 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 200 யூனிட் மிச்சம், அதாவது 140 கிலோ கரியமில வாயு. நகரத்தில் பத்து லட்சம் ஃபேன்கள் மாறினால் அவை ஒன்றாக ஓடுகிற ராத்திரியில் 45 மெகாவாட் தேவை காணாமல் போகும். 2015-இல் மத்திய அரசு எல்இடி பல்புகளை மொத்தமாக வாங்கி மலிவாகக் கொடுத்தபோது சில வருடங்களில் குண்டு பல்பு கடைகளிலிருந்தே மறைந்து போனது. ஃபேனுக்கும் அதே வழி உண்டு. மாநில அரசே இலவசமாக ஃபேன் கொடுத்த ஊர் இது, அடுத்த முறை கொடுப்பதென்றால் பிஎல்டிசி கொடுக்கட்டும்.

ஏசி விஷயம் இன்னும் கனமானது. ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். சும்மா ஒரு கிலோவாட் என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு லட்சம் ஏசிகள் சேர்ந்தால் வடசென்னையின் 210 மெகாவாட் அலகு ஒன்று முழுசாக அதற்கே எரிய வேண்டும். மத்திய அரசின் ஆற்றல் சிக்கன அமைப்பான பிஇஇ தரும் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. சென்னையில் மார்ச் முதல் அக்டோபர் வரை ராத்திரிக்கு எட்டு மணி நேரம் ஓடினாலே 1900-ஐத் தாண்டிவிடும். ஆகவே மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் லேபிளில் தெரிகிற வித்தியாசத்தை விட நம் ஊரில் உண்மையான வித்தியாசம் பெரிது, கடையில் கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரங்கள் வடக்கே ஒரு ஊரில் திரும்பி வருவதை விட இங்கே சீக்கிரம் திரும்பி வரும். 2020-இலிருந்து புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பிஇஇ-யின் கணக்கு. சென்னையின் தொல்லை சூட்டை விடப் புழுக்கம், ஈரப்பதம். ஏசி காற்றைக் காய வைத்துவிட்டால் 26, 27-இல் ஃபேனையும் சேர்த்துப் போட்டுத் தூங்கலாம், 20-க்குப் போய் போர்வை போர்த்த வேண்டியதில்லை.

கரண்ட் பில்லில் வராத ஒன்று ஏசிக்குள் இருக்கிற கேஸ். பல வீடுகளில் இன்னும் ஓடுகிற ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால் அது சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். கிட்டத்தட்ட 2900 யூனிட் மின்சாரத்தால் வரும் உமிழ்வு அது. பழைய ஆர்-22-உம் ஏறத்தாழ அதே அளவு கெட்டது, ஓசோனையும் அரிக்கும். இப்போது அதிகம் விற்கிற ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆர்-290, அதாவது புரொப்பேன், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மெக்கானிக் வந்து "கேஸ் இறங்கிடுச்சு சார், ரீஃபில் பண்ணணும்" என்று சொல்லி, ஓட்டையைத் தேடாமலேயே நிரப்பிவிட்டுப் போகிறார், அடுத்த கோடையில் அது மறுபடி இறங்குகிறது. ஏசியை இடம் மாற்றும்போது மிச்ச கேஸைத் திறந்துவிடுவதும் சாதாரணமாக நடக்கிறது. இதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வாயுவைத் திரும்பப் பிடிக்கிற மெஷினை அவருக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள்? கிண்டி, அம்பத்தூர் ஐடிஐகளில் பயிற்சியும், பகிர்ந்து பயன்படுத்த மெஷினும், பிடித்துக் கொடுக்கிற வாயுவுக்கு ஒரு விலையும் இருந்தால் இது மாறும். செலவோடு ஒப்பிட்டால் இவ்வளவு பலன் தரும் வேலை நகரத்தில் வேறு அதிகம் இல்லை.

ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடி போட்டு, மூன்று மணி வெயிலை நேராக உள்ளே வாங்கி, அதை வெளியேற்ற சில்லர் எனும் ராட்சத குளிரூட்டும் மெஷின்களை ஓட்டுகிறோம். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி மத்திய அளவில் 2007-இலேயே வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது, தமிழ்நாடு 2022-இல் தனக்கென்று ஏற்றது. விதி பரவாயில்லை, கட்டி முடித்த பிறகு வந்து அளந்து பார்க்கிற ஆள்தான் போதாது. கட்டடம் ஓடத் தொடங்கிய பின் சதுர அடிக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை ஒவ்வொரு பெரிய கட்டடமும் வெளியிட வேண்டும் என்று ஒரே ஒரு விதி இருந்தால் பாதி வேலை தன்னால் நடக்கும். நியூயார்க் 2019-இல் இன்னும் ஒரு படி மேலே போய், 25000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு உமிழ்வு வரம்பு வைத்து, மீறினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம் என்று சட்டம் போட்டது. வரம்பு 2024-இல் அமலுக்கு வந்தது. நாம் அளப்பதிலிருந்தாவது தொடங்கலாம்.

தண்ணீரும் ஒரு மின்சாரப் பிரச்சினைதான், சென்னையில் முக்கியமாக. நெம்மேலியில் இரண்டு கடல்நீர் ஆலைகளும் சேர்ந்து நாளுக்கு 25 கோடி லிட்டர். ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் ஆகும், அப்படியானால் முழுத் திறனில் ஓடும் நாளில் அவை இரண்டுக்கு மட்டும் ஏழரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் யூனிட். பேரூரில் கட்டப்பட்டு வருகிற ஆலை 40 கோடி லிட்டர், இன்னும் 12 முதல் 16 லட்சம் யூனிட் கேட்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரம் லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இந்த ஆலைகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து மணலிக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்கும் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள், தலா 4.5 கோடி லிட்டர். இதற்குக் கடல் உப்பை நீக்குவதை விடக் குறைந்த கரண்டே போதும். இதை விரிக்கிற ஒவ்வொரு கோடி லிட்டரும் கடலிலிருந்து எடுக்க வேண்டியதைக் குறைக்கும். தண்ணீருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு, அதைச் சேமித்து வைக்கலாம். அடுக்ககத்தின் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டாரை காலை ஆறுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் போடுவதற்குப் பதில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் போட்டால் அது சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. பைசா செலவில்லை, ஒரு டைமர் சுவிட்ச் போதும்.

கூரை சோலாருக்கும் இதே கோணத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் சென்னையில் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும், நூறு சதுர அடி இடம் போதும், 2024-இல் வந்த மத்தியத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78000 ரூபாய் மானியம் உண்டு. போடுங்கள், தயங்காதீர்கள். பேனல் நிழலில் இருக்கிற தளம் கொதிக்காது என்பதால் ராத்திரிச் சூடும் குறைகிறது, இந்த இரண்டாவது பலனை விற்கிறவர்கள் சொல்வதே இல்லை. ஆனால் பேனல் மட்டுமே ராத்திரி பத்து மணியைத் தீர்க்காது. மதியத்து மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்துப் போக வழி வேண்டும். ஆனைமலையில் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்தே இருக்கிறது, மிச்சக் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று பல வருடமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கு மேல் பெரிய பேட்டரி நிலையங்கள் வர வேண்டும், நகரத்தின் துணைமின் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே வந்தால் கேபிள் நெரிசலும் குறையும்.

போக்குவரத்தை இங்கே விரிக்கவில்லை, அது 16 சதவீதம், அதற்குத் தனியாக எழுத வேண்டும். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும், மெட்ரோவின் இரண்டாம் கட்டமான 118.9 கிலோமீட்டரும் நல்ல செய்திதான். ஆனால் பேருந்தும் ஸ்கூட்டரும் எல்லாம் ராத்திரியில் சார்ஜில் நின்றால் அதே அனல்மின் நிலையத்தில்தான் போய் முட்டும். ஆபீஸ் பார்க்கிங்கில் பகலில் சார்ஜ் செய்ய பாயின்ட் வைப்பது சின்ன விஷயம் மாதிரி தெரிந்தாலும் அவசியமானது.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை 2016-இலிருந்து எல்லா வீடுகளுக்கும் கொடுக்கிறோம், அதனால்தான் ஜனங்கள் வீணடிக்கிறார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்புதலில்லை. இரண்டு ஃபேனும் ஒரு டிவியும் ஒரு ஃபிரிட்ஜும் உள்ள வீட்டின் மேல் இந்த நகரத்தின் கார்பனைச் சுமத்துவது அநியாயம். மூன்று ஏசி உள்ள வீட்டுக்கும் அதே 100 யூனிட் இலவசம் போவதை நிறுத்தி, அந்தப் பணத்தை வாரியக் குடியிருப்புகளின் கூரைக்குத் திருப்பினால் அது வேறு கதை.

விதி போட்டால் யார் கேட்பார்கள் என்பார்கள். இதே மொட்டை மாடிகளை வைத்து இந்த ஊர் ஒரு முறை கேட்டிருக்கிறது. 2003-இல் மழைநீர் சேகரிப்பை, புதிய கட்டடம் பழைய கட்டடம் என்று பார்க்காமல், எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கி கெடு வைத்தார்கள், செய்யாவிட்டால் தண்ணீர் இணைப்பு போகும் என்றார்கள். முனகிக்கொண்டேதான் செய்தார்கள், சில இடங்களில் பேருக்குத்தான் செய்தார்கள், ஆனாலும் ஒரு சில வருடங்களில் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் ஏறியது, பிளம்பர்களுக்கும் கொத்தனார்களுக்கும் அந்த வேலை அத்துப்படியானது, இன்று புதுவீட்டுக்கு அது இல்லாமல் அனுமதியே கிடையாது. வெள்ளைக் கூரைக்குத் தோண்ட வேண்டிய குழி கூட இல்லை. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் கூரை இன்சுலேஷனுக்கு ஒரு பிரிவைச் சேர்த்து, நிறைவுச் சான்றிதழோடு அதை இணைத்துவிட்டால் கட்டட அனுமதி தருகிற சிஎம்டிஏவும் மாநகராட்சியும் அடுத்த அனுமதியிலிருந்தே தொடங்கலாம், பழைய கட்டடங்களுக்கு சொத்துவரியில் ஒரு சின்னத் தள்ளுபடி கொடுக்கலாம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு இப்போது எழுந்துகொண்டிருக்கின்றன. 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையத்தை 2017-இல்தான் மூட முடிந்தது, நாற்பத்தேழு வருடம் ஓடியது. ஒரு அனல் நிலையத்தைக் கட்டிவிட்டால் கடன் அடையும் வரையிலாவது ஓட்டியே ஆவார்கள், 2050 என்று மாநகராட்சி எழுதி வைத்திருக்கிற வருடத்தைத் தாண்டியும் புகை வரும். அதற்கு அடுத்த அலகு தேவையா இல்லையா என்று மின்வாரியம் உட்கார்ந்து கணக்குப் போடும்போது அவர்கள் பார்க்கப் போவது, ஏப்ரல் மாதத்து ராத்திரி பத்து மணிக்கு சென்னை எத்தனை மெகாவாட் கேட்கிறது என்பதை.